ஆழம் தெரிந்து கட்டுங்கள்!

குழந்தைகள் உள்ள வீடாக இருந்தால், "அம்மா, மீன் தொட்டி வைக்கலாம்!" என்ற விண்ணப்பம் ஒரு நாள் உங்கள் சந்நிதானத்துக்கு வந்தே தீரும். நாய்க்குட்டி கேட்டார்கள், மறுத்துவிட்டீர்கள். பூனைக்குட்டி கேட்டார்கள், அதுவும் கூடாது என்றீர்கள். மீன் குரைக்காது, பாலைக் கவிழ்க்காது என்பதால் மூன்றாவது மனுவுக்கு மனம் இரங்கிச் சம்மதித்துவிடுகிறீர்கள். அந்தச் சமயம் பார்த்து உங்கள் வீட்டுக்காரர் பிரவேசிக்கிறார். "கடையில் எதற்கு வாங்க வேண்டும்? நாலு கண்ணாடி, ஒரு குழாய் பசை! நாமே கட்டிவிடலாமே!" என்கிறார். அடிக்கண்ணாடியைச் சேர்த்தால் ஐந்து என்பது அவருக்கு அப்புறம்தான் ஞாபகம் வரும், அது கிடக்கட்டும். கூடத்தை ஒரு தடவை நோட்டம் விட்டுவிட்டு, "நீளமாக வைக்க இங்கே இடம் ஏது? உயரமாகக் கட்டிவிடுவோம்!" என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறார்.

அந்த "உயரமாக" என்ற ஒரு வார்த்தையைப் பற்றித்தான் உங்களிடம் பேசப் போகிறேன்.

வீட்டில் தொட்டி கட்டுவது ஆகாத காரியம் அல்ல. நிதானமும் இரண்டு ஜோடிக் கைகளும் இருந்தால் பேஷாகக் கட்டலாம். ஆனால் நீளமான தொட்டி சாது. உயரமான தொட்டி அப்படி அல்ல. தொட்டியை உடைப்பது தண்ணீரின் அளவு என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையில் உடைப்பது ஆழம். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சாண் அகலத்துக்குத் தண்ணீர் நின்றாலும் சரி, மயிலாப்பூர்த் தெப்பக்குளமே வந்து நின்றாலும் சரி, ஆழம் ஒன்றானால் கண்ணாடியை நெருக்கும் அழுத்தமும் ஒன்றுதான். பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் பதினேழாம் நூற்றாண்டிலேயே இதை விளக்கி எழுதி வைத்துவிட்டார். அவ்வளவு தூரம் போவானேன்? அடுக்குமாடிக் கட்டடத்தில் கீழ் வீட்டுக் குழாயில் தண்ணீர் சீறிக்கொண்டு வருகிறது. மேல் மாடி வீட்டில் சொட்டுகிறது. மொட்டை மாடித் தொட்டி ஒன்றேதான். எத்தனை அடி கீழே இருக்கிறோம் என்பதுதான் வித்தியாசம்.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போமா? முகப்புக் கண்ணாடி 60 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் 35 செ.மீ. ஆழம் நின்றால் அந்தக் கண்ணாடியின் மேல் சுமார் 37 கிலோ பாரம் சாய்கிறது. ஆழத்தை 70 செ.மீ. ஆக்குங்கள். பாரம் இரண்டு மடங்கு ஆகும் என்றுதானே எதிர்பார்ப்பீர்கள்? இல்லை, நாலு மடங்கு! 147 கிலோ. ஆழம் கூடக் கூட அடியில் அழுத்தமும் கூடுகிறது; அழுத்தத்தைத் தாங்கும் பரப்பும் கூடுகிறது. இரண்டும் சேர்ந்து பெருக்கிவிடுகின்றன. இரண்டு ஆண்பிள்ளைகள் அந்தக் கண்ணாடியில் முதுகைக் கொடுத்து, இரவும் பகலும், தீபாவளிக்குக்கூட லீவு எடுக்காமல் தள்ளிக்கொண்டே இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதிலும் அவர்கள் நடுவில் தள்ளவில்லை. அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் தள்ளுகிறார்கள். உயரத் தொட்டி பெரும்பாலும் கீழ்ப்பாதியில் தகராறு செய்வது இதனால்தான்.

ஆகையால் கண்ணாடியின் கனத்தை உயரம்தான் நிர்ணயிக்க வேண்டும். முகப்பு இரண்டடி, அதாவது 60 செ.மீ. அகலமாக இருந்தால், 30 செ.மீ. உயரத்துக்கு 5 மி.மீ. கண்ணாடி போதும். 45 செ.மீ. என்றால் 8 மி.மீ. போடுங்கள். 60-க்கு 10; 75-க்கு 12; மூன்றடியை எட்டும் 90 செ.மீ. என்றால் 15 மி.மீ.க்குக் குறையக் கூடாது. கண்ணாடி உடையும் எல்லையில் சுமார் நாலில் ஒரு பங்குக்கு மேல் அதன் மேல் சுமத்தக் கூடாது என்ற விதியை வைத்துப் போட்ட கணக்கு இது. முகப்பு இரண்டடியைவிட நீண்டால் இந்தக் கனம் போதாது. "எங்கள் மாமா வீட்டில் 6 மி.மீ. கண்ணாடியிலேயே இரண்டரை அடித் தொட்டி நிற்கிறதே!" என்று யாராவது சொல்வார்கள். நிற்கலாம். பக்கத்தில் நம் வீட்டுக் குழந்தை உட்கார்ந்திருக்கும்போது நின்றால் போதாது. நின்றுகொண்டே இருக்க வேண்டும்.

இவ்வளவு கேட்ட பிறகும் உயரத் தொட்டிதான் வேண்டும் என்றால், இரண்டரை அடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பது என் அபிப்பிராயம். 60 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 75 செ.மீ. உயரம், 12 மி.மீ. கண்ணாடி. இதற்கு மேல் போகக் கூடாது என்பதற்குக் கண்ணாடியைத் தவிர இன்னொரு காரணமும் இருக்கிறது. அது உங்கள் கை.

தையல்காரரிடம் அளவு கொடுப்பதுபோல், அக்குளிலிருந்து விரல் நுனி வரை ஒரு நாடாவைப் பிடித்துப் பாருங்கள். நம்மில் பெரும்பாலோருக்கு இரண்டடிக்குச் சற்று முன்பின் இருக்கும். தொட்டியின் அடியில் செடி சாய்ந்தால் நிமிர்த்துவதும், கல்லிடுக்கில் செத்துக் கிடக்கும் மீனை எடுப்பதும் யார் வேலை? கட்டியவர் ஆபீஸுக்குப் போய்விடுவார். அந்தத் தொட்டியை வழக்கமான மேஜை உயரத்தில் வைத்தால் விளிம்பு உங்கள் தலைக்குப் பக்கத்தில் வந்துவிடும். நீங்கள் முக்காலி போட்டு ஏறி, கண்ணாடி விளிம்பில் மார்பை அழுத்திக்கொண்டு குனிய வேண்டும். இதைவிட ஆபத்தான ஆசனம் எந்த யோக சாஸ்திரத்திலும் கிடையாது. தொட்டி உயர்ந்தால் ஸ்டாண்டு தாழ வேண்டும். ஒன்றரை அடி ஸ்டாண்டு வைத்தால் விளிம்பு நாலடியில் நிற்கும். தரையில் நின்றபடியே முக்கால்வாசி வேலையைச் செய்துவிடலாம். எட்டாததற்கு ஒரு நீளமான இடுக்கி வாங்கிக்கொள்ளுங்கள்.

"கட்டுமான வேலையில் பெண்களுக்கு என்ன தெரியும்?" என்று யாராவது சிரித்தால், ழான் வில்ப்ரோ-பவர் என்ற அம்மாளின் பெயரைச் சொல்லுங்கள். பாரிஸில் உடை தைத்துப் பிழைத்துக்கொண்டிருந்த பெண். கல்யாணமாகி இத்தாலியைச் சேர்ந்த ஸிஸிலித் தீவுக்குப் போனவர், கடல் ஜந்துக்களைப் பற்றித் தாமாகவே படிக்கத் தொடங்கினார். ஆர்கனாட் என்ற எட்டுக்கால் கடற்பிராணி தன் ஓட்டைத் தானே செய்துகொள்கிறதா, வேறு பிராணியிடமிருந்து அபகரிக்கிறதா என்று பண்டிதர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. அந்த அம்மாள் 1832-ல் கண்ணாடித் தொட்டிகளை அமைத்து, அவற்றில் ஆர்கனாட்டை வளர்த்து, அது தானேதான் ஓட்டைச் செய்துகொள்கிறது என்று நிரூபித்துவிட்டார். லண்டன் மிருகக்காட்சிசாலையில் மீன் காட்சி திறந்தது 1853-ல். நம் சென்னைக் கடற்கரையில் மீன் காட்சி வந்தது 1909-ல். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு தையல்காரப் பெண்ணின் தொட்டி நின்றிருக்கிறது!

இனித் தரையைப் பார்ப்போம். நாம் சொன்ன தொட்டியில் 70 செ.மீ. தண்ணீர் நிரப்பினால், கண்ணாடியின் கனம் போக, சுமார் 172 லிட்டர். அதாவது 172 கிலோ. கண்ணாடி மட்டும் சுமார் 54 கிலோ. மணல், கல், இரும்பு ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்தால் 300 கிலோவை நெருங்கும். இது முழுவதும் கால் சதுர மீட்டரைவிடச் சற்றே பெரிய இடத்தில் இறங்குகிறது. இந்தியத் தர நிர்ணயப்படி வீட்டுத் தளங்களைச் சதுர மீட்டருக்கு 200 கிலோ என்ற கணக்கில்தான் கட்டுகிறார்கள். பயந்துவிடாதீர்கள், அது அறை முழுவதற்கும் பரவலாகப் போட்ட கணக்கு. ஆகவே தொட்டி வைத்த மாத்திரத்தில் தளம் இடிந்து விழுந்துவிடாது. ஆனால் இடம் பார்த்து வைக்க வேண்டும். கீழே உத்தரமோ சுவரோ தாங்குகிற பக்கமாக, சுவரை ஒட்டி வையுங்கள். அறை நடுவில் வேண்டாம். புடவை பீரோவும் அரிசி மூட்டையும் இருக்கும் மூலையில் இதையும் சேர்க்க வேண்டாம். பால்கனி கூடவே கூடாது. மரக்கட்டைகளின் மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் மாடி வீடு என்றால், கீழ்த் தளத்தைத் தவிர வேறு எங்கும் வேண்டாம். சந்தேகமிருந்தால் ஒரு கட்டட இன்ஜினீயரை அழைத்துக் காட்டிவிடுங்கள். அவருக்குக் கொடுக்கும் பணம், கீழ் வீட்டு மாமியிடம் மன்னிப்புக் கேட்பதைவிட மலிவு.

வெயில் நேராக அடிக்கும் ஜன்னலோரம் வைத்தால் பாசி பிடித்துத் தொட்டி பச்சையாகிவிடும். படார் என்று சாத்தும் கதவுக்குப் பின்னாலும், பையன்கள் பந்து அடிக்கும் நடைவழியிலும் வைக்காதீர்கள்.

கண்ணாடி வாங்கும்போது கடைக்காரரோடு நீங்களும் கொஞ்சம் பேச வேண்டும். பழைய ஷோகேஸிலிருந்தோ மேஜையிலிருந்தோ கழற்றிய கண்ணாடி மலிவாகக் கிடைக்கும். வேண்டாம். அதில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருக்கும். கீறல் விழுந்த இடத்தில்தான் கண்ணாடி முதலில் வாய் பிளக்கிறது. புதிய சாதாரணக் கண்ணாடியே போதும். பக்குவம் செய்த 'டஃபன்ட்' கண்ணாடிக்குப் பலம் அதிகந்தான். ஆனால் செய்த பிறகு அதை வெட்டவோ துளை போடவோ முடியாது. உடைந்தால் முழுப் பலகையும் ஒரே நொடியில் கற்கண்டுபோல் உதிர்ந்துவிடும். சாதாரணக் கண்ணாடி பல சமயங்களில் ஒரு கோடாக விரிந்து, கசிந்து, எச்சரிக்கையாவது கொடுக்கும். வெட்டுவதைக் கடையிலேயே செய்யச் சொல்லுங்கள். விளிம்புகளை மழுங்கத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். விரலுக்கும் நல்லது, கண்ணாடிக்கும் நல்லது.

அளவு கொடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அடிக்கண்ணாடி 60-க்கு 45. அதன் மேல் நிற்கும் முன், பின் கண்ணாடிகள் 60-க்கு 75. அப்படியானால் இரண்டு பக்கக் கண்ணாடிகளும் 45-க்கு 75 தானே என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். அவை முன், பின் கண்ணாடிகளுக்கு நடுவே நுழைய வேண்டும். இரண்டு கண்ணாடிகளின் கனம் 24 மி.மீ.; பசைக்கு இரண்டு பக்கமும் ஒன்றரை ஒன்றரை மி.மீ. விட வேண்டும். கழித்தால் 42.3 செ.மீ.தான். இவற்றோடு மேல் விளிம்புக்குள் ஒட்ட 6 செ.மீ. அகலத்தில் இரண்டு பட்டைகளும் வெட்டி வாங்கிக்கொள்ளுங்கள். முகப்பு வெளியே பிதுங்காமல் இடுப்பு ஒட்டியாணம்போல் பிடித்து நிறுத்துவது இந்தப் பட்டைகள்தான்.

பசை என்றால் சிலிக்கோன். அதிலும் எல்லாம் உதவாது. குளியலறைக்கென்று விற்கும் சிலிக்கோனில் பூசணம் பிடிக்காமலிருக்க மருந்து கலந்திருப்பார்கள். பூசணத்தைக் கொல்லும் மருந்து மீனை மட்டும் விட்டுவிடுமா? மீன் தொட்டிக்கு ஏற்றது என்று அச்சிட்ட, மருந்து கலக்காத, வினிகர் வாசனை வீசும் ரகமாகப் பார்த்து வாங்குங்கள். கொளத்தூர்ப் பக்கம் அலங்கார மீன் விற்கும் கடைகள் நிறைய உண்டு; அங்கே கேட்டாலே கொடுப்பார்கள்.

ஒட்டும் தினத்தன்று குழந்தைகளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். முகப்புக் கண்ணாடி ஒவ்வொன்றும் பதின்மூன்றரை கிலோ. தடித்த கையுறையும் கால் மூடிய செருப்பும் இல்லாமல் யாரும் தொடக் கூடாது. முதலில் பசையில்லாமல் ஐந்தையும் நிறுத்திப் பார்த்து, பொருந்துகிறதா என்று மூலைமட்டத்தால் சோதியுங்கள். ஒட்டும் விளிம்புகளை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடையுங்கள். விரல் ரேகை எண்ணெய்கூட இருக்கலாகாது. பிறகு ஒரே மூச்சில் வேலை நடக்க வேண்டும். சிலிக்கோன் சில நிமிஷத்திலேயே ஆடை கட்டத் தொடங்கிவிடும். அடிக்கண்ணாடியின் ஓரத்தில் தாராளமாகப் பசை விட்டுப் பின் கண்ணாடி, பக்கங்கள், கடைசியில் முகப்பு என்று நிறுத்திக்கொண்டே வாருங்கள். ஒருவர் பிடிக்க, ஒருவர் ஒட்ட வேண்டும். இணைப்பில் பசை முழுவதும் பிதுங்கி வெளியேறும்படி அழுத்தக் கூடாது. நடுவே ஒன்றரை மி.மீ. மெத்தைபோல் நிற்க வேண்டும். அந்த மெத்தைதான் பலம். வெளிப்புறத்தை ஒட்டு நாடாவால் இழுத்துக் கட்டுங்கள். உள் மூலைகளில் இன்னொரு வரி பசை விட்டு விரலால் வழித்துவிடுங்கள்.

அப்புறம் செய்ய வேண்டியது சும்மா இருப்பது. எல்லாவற்றிலும் கடினமான வேலை இதுதான்! சிலிக்கோன் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து வெளியிலிருந்து உள்ளே மெதுவாக இறுகுகிறது. நாளொன்றுக்கு இரண்டு மூன்று மி.மீ. தான். மேலே தொட்டுப் பார்த்தால் ரப்பர்போல் இருக்கும். நடுவில் பச்சையாகவே இருக்கும். 12 மி.மீ. கண்ணாடிக்கு இரண்டு வாரம் விட்டுவிடுங்கள். வினிகர் வாசனை துளிக்கூட வராமல் போக வேண்டும். "ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி வருகிறார்கள், அதற்குள் நிரப்பிவிடலாம்" என்ற பேச்சுக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள்.

இணைப்பு என்பது லேசுப்பட்ட விஷயமல்ல. பெர்லின் நகரத்து ஹோட்டல் ஒன்றில், சுமார் 15 மீட்டர் உயரத்துக்கு உருளை வடிவில் ஒரு மீன் தொட்டி நின்றது. பத்து லட்சம் லிட்டர் தண்ணீர், சுமார் 1500 மீன்கள். 2022-ஆம் வருஷம் டிசம்பர் 16-ந் தேதி விடியற்காலையில் அது ஒரேயடியாக வெடித்துக் கொட்டிவிட்டது. அகாலமான நேரமாக இருந்ததால் மனிதர்கள் பிழைத்தார்கள். இரண்டு பேருக்குக் காயம். மீன்களில் பெரும்பாலானவை மாண்டன. அது கண்ணாடி அல்ல, அக்ரிலிக். கட்டியவர்களும் கைதேர்ந்தவர்கள். பிற்பாடு நிபுணர்கள் துண்டு துண்டாகச் சோதித்தும் இன்னதுதான் காரணம் என்று அறுதியிட முடியவில்லை. ஒட்டிய இணைப்பு விட்டுக்கொடுத்திருக்கலாம் என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று.

நம் தொட்டிக்கு வருவோம். முதல் தடவை தண்ணீர் நிரப்புவதைக் கூடத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். கீழே முற்றத்திலோ வாசலிலோ சமமான இடத்தில், தெர்மோகோல் பலகையின் மேல் தொட்டியை வைத்து, மூன்றில் ஒரு பங்கு நிரப்பி ஒரு நாள் விடுங்கள். மறுநாள் இன்னொரு பங்கு. மூன்றாம் நாள் முழுவதும். அப்படியே ஒரு வாரம் நிற்கட்டும். ஓரங்களில் உலர்ந்த காகிதத்தை ஓட்டிப் பாருங்கள். ஈரம் பட்டால் உடனே தெரியும். முகப்பின் குறுக்கே ஒரு நூலை இழுத்துப் பிடித்து, நடுவில் பிதுக்கம் நாளுக்கு நாள் கூடுகிறதா என்று கவனியுங்கள். கூடினால் தண்ணீரை இறைத்துவிட வேண்டியதுதான். அந்த வாரம் முழுவதும் அந்தப் பக்கம் குழந்தைகள் போகக் கூடாது. தொட்டியை மெல்லிய துணியால் மூடி வையுங்கள். மீன் இல்லாத தண்ணீரில் முதலில் குடியேறுவது கொசுதான்!

தேறிவிட்டதா? தண்ணீரை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் இறைத்துவிட்டு, நாலு பேராக அடியைத் தாங்கித் தூக்கி உள்ளே கொண்டு போங்கள். தண்ணீரோடு நகர்த்தினால் தொட்டி முறுக்கிக்கொண்டு இணைப்பு விட்டுவிடும். ஸ்டாண்டு இரும்பு ஆங்கிளில் செய்ததாக இருக்கட்டும்; கால்கள் தொட்டியின் அடியைவிடக் குறுகலாகக் கூடாது; பின்புறம் இரண்டு கொக்கி போட்டுச் சுவரோடு பிணைத்துவிடுங்கள். மேலே தடித்த பிளைவுட், அதன் மேல் தெர்மோகோல். ரசமட்டத்தை நீளவாட்டில், அகலவாட்டில், மூலைக்கு மூலை என்று மூன்று விதமாகவும் வைத்துப் பாருங்கள்.

தண்ணீருக்குப் பக்கத்தில் மின்சாரம் வருகிறது. இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. கசிவு ஏற்பட்டால் தானாக அணைந்துவிடும் 30 மில்லி ஆம்பியர் ரகச் சுவிட்ச் அந்த இணைப்புக்கு அவசியம் வேண்டும். மோட்டார் ஒயர் நேராகப் பிளக்குக்குப் போகாமல், கீழே தொங்கி வளைந்து மேலேறட்டும். ஒயரில் வழியும் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். தொட்டிக்குள் கையை விடுமுன் சுவிட்சை அணைத்தாயிற்றா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள்.

மீன் விஷயத்தில் ஒரு ஏமாற்றத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். உயரம் இரண்டு மடங்கானால் மீனும் இரண்டு மடங்கு விடலாம் என்பது நடக்காது. மீனுக்கு வேண்டிய பிராணவாயு தண்ணீரின் மேற்பரப்பு வழியாகத்தான் இறங்குகிறது. நம் தொட்டியின் மேற்பரப்பு குள்ளத் தொட்டியினுடையதைவிட ஒரு விரற்கடைகூடப் பெரிதல்ல. கோடையில் தண்ணீர் சுட்டால் அதில் வாயு இன்னும் குறையும். கரண்டும் போய்விட்டால் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். ஆகவே சிலவே போதும். உயரமும் சப்பையுமாக, சிறகை விரித்து நீந்தும் ஏஞ்சல் மீன் இந்தத் தொட்டிக்கென்றே பிறந்தது. அடிக்கடி மேலே வந்து காற்றைக் குடிக்கும் ஃபைட்டர் மீனை இதில் விட்டால், பாவம், மாடிப்படி ஏறி இறங்குகிற கதைதான்.

தொட்டி நின்ற பிறகும் மாதம் ஒரு தடவை இணைப்புகளைக் கண்ணால் பார்த்து வாருங்கள். எங்காவது சிலிக்கோன் உரிந்தோ வெளுத்தோ தெரிந்தால், மேலே புதுப் பசை பூசிச் சமாளிக்கலாம் என்று எண்ண வேண்டாம். பழைய சிலிக்கோனில் புதிது சரியாக ஒட்டாது. இறைத்து, சுரண்டி, முதலிலிருந்து ஒட்ட வேண்டும். திடீரென்று கசிவு கண்டால் முதலில் மின்சாரத்தை அணையுங்கள். குழந்தைகளை அடுத்த அறைக்கு அனுப்புங்கள். மீன்களுக்கு ஒரு வாளித் தண்ணீரை ஒதுக்கிவிட்டு, மீதியை ரப்பர்க் குழாயால் குளியலறைக்கு இழுத்துவிடுங்கள். குளியலறை வரை எட்டும் அந்தக் குழாயைத் தொட்டிக்குப் பக்கத்திலேயே ஓர் ஆணியில் மாட்டி வையுங்கள். தோட்டத்துக்கு வேண்டும் என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.